வீட்டு வலையில் அயலார் உண்டோ?

நம் ஊர்ப் பழைய வீடுகளில் திண்ணை ஒன்று இருக்கும். வழிப்போக்கர் அதில் அமரலாம், படுத்து இளைப்பாறலாம். யார், எவர் என்று வீட்டுக்காரர் கேட்பதில்லை. ஆனால் நடைக்கதவைத் தாண்டி உள்ளே வருபவர் யாராயினும் அவரை வீட்டார் அறிந்திருப்பர். திண்ணை வேறு, உள்வீடு வேறு என்னும் இவ்வேறுபாடு சுவரால் ஆனது, கண்ணுக்குத் தெரிவது. இன்று நாம் குடியிருக்கும் வீடுகளில் வைஃபை என்னும் கம்பியில்லா வலை பரவியிருக்கிறது. அதற்குச் சுவர் இல்லை. அது நம் அறையைக் கடந்து மாடிப்படிக்கும், அடுத்த வீட்டுச் சமையலறைக்கும் செல்கிறது. அதனுள் யார் இருக்கின்றனர் என்பதைக் கண்ணால் காண இயலாது. ரூட்டர் காட்டும் பட்டியல் ஒன்றே நமக்குச் சாளரம்.

அப்பட்டியலைத் திறந்து பார்க்கும் மாணவர் பலர் திடுக்கிடுகின்றனர். வீட்டில் இருப்போர் மூவர். பட்டியலில் நிற்பனவோ பதினொன்று! அவற்றுள் சிலவற்றிற்குப் பெயரே இல்லை. சிலவற்றிற்கு எங்கும் கேட்டறியாத பெயர். “எவனோ உள்ளே புகுந்துவிட்டான்” என்ற அச்சமும், “இன்னாராகத்தான் இருக்க வேண்டும்” என்ற ஐயமும் அடுத்த கணமே எழுகின்றன. அந்த அச்சத்தில் எவ்வளவு உண்மை, அந்த ஐயத்தில் எவ்வளவு நியாயம் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விடுதியில் இடம் கிடைக்காமல், வெளியே வீடு எடுத்து மூவரும் நால்வருமாகத் தங்கிப் படிக்கும் நம் மாணவர்க்கு இது வெறும் ஏட்டுப் பாடம் அன்று. அன்றாடம் வேண்டிய அறிவு.

பட்டியல் உண்டாகும் விதம்

முதலில் பட்டியல் எவ்வாறு உண்டாகிறது என்று பார்ப்போம். ஒரு கைப்பேசி நம் வலையில் சேரும்போது, “எனக்கு ஒரு முகவரி வேண்டும்” என்று ரூட்டரைக் கேட்கிறது. ரூட்டர் 192.168.1.5 என்பது போன்ற ஐ.பி. முகவரி ஒன்றை அதற்கு வழங்கி, தன் ஏட்டில் குறித்துக்கொள்கிறது. இவ்வாறு முகவரி வழங்கும் முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். முகவரி சொந்தமாகத் தரப்படுவதில்லை, குத்தகைக்கே தரப்படுகிறது. பல ரூட்டர்களில் இக்குத்தகைக் காலம் ஒரு நாள். ஆகவே நேற்று மாலை நம் வீட்டிற்கு வந்து தேநீர் அருந்திச் சென்ற நண்பரின் கைப்பேசி, இன்று காலையிலும் ஏட்டில் நிற்கக்கூடும். பட்டியலில் இருப்பவர் எல்லாம் இப்போது வீட்டில் இருப்பவர் அல்லர். இது முதற்பாடம்.

ஐ.பி. முகவரி மாறக்கூடியது. அதனால் கருவியை அடையாளம் காண்பதற்கு வேறோர் எண் வேண்டும். அதுவே மேக் முகவரி. இது பன்னிரண்டு குறிகளால் ஆனது. 0 முதல் 9 வரை உள்ள எண்களும், ஏ, பி, சி, டி, ஈ, எஃப் என்னும் ஆங்கில எழுத்துகள் ஆறும் சேர்ந்த பதினாறு குறிகளிலிருந்து இவை எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு குறியும் நான்கு பிட்டு. ஆகப் பன்னிரண்டு குறிகளும் 48 பிட்டு. இவ்வகையில் அமையக்கூடிய முகவரிகள் 281 இலட்சம் கோடிக்கு மேற்பட்டவை. வழக்கமாக இதன் முதல் ஆறு குறிகள் கருவியைச் செய்த நிறுவனத்தைக் குறிக்கும். ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகம் இவ்வெண்களை நிறுவனங்களுக்கு ஒதுக்கித் தருகிறது. ரூட்டர் இந்த ஆறு குறிகளைப் பார்த்தே நிறுவனத்தின் பெயரைப் பட்டியலில் எழுதுகிறது.

இங்கேதான் முதற்குழப்பம் தோன்றுகிறது. ரூட்டர் எழுதுவது பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர் அன்று; உள்ளே இருக்கும் வைஃபைப் பகுதியைச் செய்தவர் பெயராகவும் அது இருக்கலாம். மிதிவண்டி ஒரு நிறுவனத்தினுடையது. அதன் சக்கரத்தில் உள்ள டயர் வேறொரு நிறுவனத்தினுடையது. டயரில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டு “இது நம் வண்டி அன்று” என்று கூறுவோமா? டெல் மடிக்கணினி பட்டியலில் இன்டெல் என்று நிற்கலாம். ஒரு கைப்பேசியோ விளையாட்டுக் கருவியோ ஜப்பானிய நிறுவனமான முராட்டாவின் பெயரில் நிற்கலாம். தைவான் நாட்டு ஹான் ஹாய், அசூர்வேவ் என்னும் பெயர்கள் மடிக்கணினிகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் உரியனவாக இருக்கலாம். ஷாங்காயில் உள்ள எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் சிறிய சில்லுகள் வைஃபை விளக்குகளிலும் ஸ்மார்ட் பிளக்குகளிலும் ஏராளமாகப் பயன்படுகின்றன. அறியாத பெயர் என்பதனால் அயலார் கருவி ஆகிவிடாது. இது இரண்டாம் பாடம்.

முகமூடி அணியும் கைப்பேசி

மூன்றாம் பாடம் இன்னும் வியப்பானது. நம் சொந்தக் கைப்பேசியே நமக்கு அயலாராகத் தோன்றும் வகையில் இன்று அமைக்கப்பட்டுள்ளது!

மேக் முகவரி மாறாத எண்ணாக இருந்த காலத்தில் அதனால் ஒரு தீங்கு விளைந்தது. வைஃபையை அணைக்காமல் ஒருவர் கடைவீதியில் நடந்து சென்றால், கைப்பேசி அருகில் வலை உண்டா என்று வினவிக்கொண்டே செல்லும். வினவும்போதெல்லாம் தன் எண்ணையும் வெளியிடும். அவ்வெண்ணைக் குறித்து வைப்பவர், அவர் எந்நாளில் எங்குச் சென்றார் என்பதை அவர் அறியாமலே அறிய முடியும். இதைத் தடுக்கவே கைப்பேசிகள் தம் உண்மை எண்ணை மறைத்து, ஒவ்வொரு வலைக்கும் ஒவ்வொரு பொய்யெண்ணைத் தாமே உண்டாக்கிக்கொள்ளத் தொடங்கின. 2019இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வெளிவந்த ஐ.ஓ.எஸ். 14 ஆகியவற்றில் இது நாம் கேளாமலே நடக்கும் வழக்கமாயிற்று.

பொய்யெண்ணைக் கண்டுகொள்ள எளிய வழி உண்டு. மேக் முகவரியின் இரண்டாம் குறியைப் பாருங்கள். அது 2, 6, ஏ, ஈ என்னும் நான்கில் ஒன்றாயின், அம்முகவரி நிறுவனம் தந்தது அன்று. கருவி தானே வகுத்துக்கொண்டது. காரணம் என்ன? இக்குறியின் நான்கு பிட்டுகளில் கடைசிப் பிட்டு 0 ஆயின் அது தனிக்கருவிக்குரிய முகவரி. அதற்கு முந்தைய பிட்டு 1 ஆயின் அது உள்ளூரில் வகுத்த முகவரி. கடைசி இரண்டு பிட்டுகளும் 10 என்று முடியும் குறிகளை எழுதிப் பார்த்தால் 0010, 0110, 1010, 1110 என நான்கே வரும். அவையே 2, 6, ஏ, ஈ. இத்தகைய முகவரியை எந்த நிறுவன அட்டவணையிலும் தேடிப் பயனில்லை. “அறியப்படாத கருவி” என்றே ரூட்டர் அதனைக் காட்டும்.

மேலும், ஒரு கைப்பேசியில் நம் வலையை அழித்துவிட்டு மீண்டும் சேர்த்தால், சிலவற்றில் புதிய எண் தோன்றும். பழைய எண்ணின் குத்தகை முடியும் வரை ஒரே கைப்பேசி பட்டியலில் இரண்டாக நிற்கும். மடிக்கணினிக்குக் கம்பி வழிக்கு ஓர் எண், வைஃபை வழிக்கு ஓர் எண் என இரண்டு உண்டு. இவ்வாறு மூவர் வாழும் வீட்டில் பதினொரு பெயர் நிற்பதில் வியப்பொன்றுமில்லை.

ஐயத்தால் விளைந்த தீங்கு

இவற்றை அறியாமையால் என்ன நேரும் என்பதற்கு, நம் மாணவர் நால்வர் குடியிருந்த வீடு ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறலாம். அக்கட்டடத்தின் காவலாளிக்குப் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் ஒருவன் இருந்தான். “பையா, பையா” என்று அழைத்துக்கொண்டு மாலை வேளைகளில் மாடிக்கு வருவான்; கணக்கில் ஐயம் கேட்டுச் செல்வான். ஒரு நாள் இணையம் மிக மெதுவாக நடந்தது. பட்டியலைத் திறந்தார்கள். எஸ்பிரெசிஃப் என்ற பெயர் ஒன்று நின்றது. நால்வரில் எவரிடமும் அப்பெயருடைய கருவி இல்லை. வெளியார் என்று வீட்டிற்குள் வருபவன் அச்சிறுவன் ஒருவனே. “கடவுச்சொல்லைத் திருடினாயா?” என்று கேட்டுவிட்டனர். அவன் இல்லை என்றான். மறுநாள் முதல் மாடிக்கு வரவில்லை.

இரண்டு வாரங்களுக்குப் பின், குளிக்கும் அறைக் கீசருக்கு மின்சாரம் தரும் பிளக்கை ஒருவர் கழற்றியபோது பட்டியலிலிருந்து அப்பெயர் மறைந்தது. படுக்கையில் இருந்தபடியே கைப்பேசியால் கீசரைப் போடுவதற்காக, தம்முள் ஒருவரே முந்தைய குளிர்காலத்தில் வாங்கி மாட்டிய பிளக் அது! வாங்கியவரே அதை மறந்துவிட்டார். நால்வரும் கீழே இறங்கிச் சென்று வருத்தம் தெரிவித்தனர். சிறுவன் தலையசைத்தான், ஆயினும் முன்போல் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வரவில்லை.

இணையம் மெதுவாக நடந்ததற்கும் அப்பிளக்கிற்கும் தொடர்பே இல்லை. நால்வரும் ஒரே வேளையில் படம் பார்த்தாலும் இணையம் மெதுவாகத்தான் நடக்கும். தற்செயலாக அருகருகே தோன்றிய இரண்டைக் காரணமும் காரியமுமாகக் கொள்வது அறிவியல் ஆகாது. ஆய்வுக்கூடத்தில் இப்பிழையைச் செய்தால் மதிப்பெண் குறையும். வீட்டில் செய்தால் மனிதரை இழப்போம். பிற மொழி பேசும் ஊரில் வந்து வாழும் நமக்கு அக்கம்பக்கத்தாரின் நல்லெண்ணமே பெருந்துணை அன்றோ?

நீக்கிக் காணும் முறை

அப்படியாயின் உண்மையை அறிவது எங்ஙனம்? வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உப்பைப் பகுத்தாய்ந்தவர் இம்முறையை நன்கு அறிவர். கையில் உள்ள உப்பில் இன்னது இருக்கிறது என்று முதலிலேயே ஊகிப்பதில்லை. ஒவ்வொரு தொகுதியாகச் சோதித்து, இல்லாதவற்றை நீக்கிக்கொண்டே சென்று, எஞ்சுவதைக் காண்கிறோம். அதே முறைதான் இங்கும்.

முதலாவது, பட்டியலைத் திறக்குமுன் ஒரு தாளில் நம் கருவிகளை எல்லாம் எழுதுக. கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றுடன் நில்லாமல், தொலைக்காட்சி, கைக்கடிகாரம், அச்சுப்பொறி, விளக்கு, பிளக், பழுதென்று அலமாரியில் போட்ட பழைய கைப்பேசி ஆகியவற்றையும் எழுதுக. வீட்டில் உள்ள எல்லாரும் ஒன்றாக அமர்ந்து எழுதுதல் நன்று.

இரண்டாவது, உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டி ரூட்டரின் பக்கத்தைத் திறக்கலாம். சரியான எண் ரூட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு மேக் முகவரியையும் தாளில் படியெடுக்க.

மூன்றாவது, ஒவ்வொரு கைப்பேசியிலும் வைஃபை அமைப்பிற்குள் சென்று நம் வலையின் விவரத்தைத் திறந்தால், அவ்வலைக்கு அது இப்போது பயன்படுத்தும் முகவரி தெரியும். முகமூடி எண்ணும் அங்கே வெளிப்படும். தாளில் உள்ளதோடு ஒப்பிட்டு, ஒத்தவற்றை அடித்துவிடுக. பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடும்.

நான்காவது, எஞ்சிய கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க. அணைத்தவுடன் பட்டியல் மாறாது; சில நிமிடம் பொறுத்து மீண்டும் திறந்து பார்த்தல் வேண்டும். எதை அணைத்தபோது எது மறைகிறதோ, அதுவே அது.

ஐந்தாவது, இதன் பின்னும் ஒன்று எஞ்சி நின்றால் அப்போதுதான் ஐயத்திற்கு இடம் உண்டு. அப்போதும் யார் என்று ஆராய வேண்டியதில்லை. கடவுச்சொல்லை மாற்றினால் போதும். வைஃபை வழியாக வந்த எல்லாம் வெளியேறிவிடும். நம்முடையவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். நம்முடையதாயின், “விளக்கு எரியவில்லை, தொலைக்காட்சி ஓடவில்லை” என்று அதுவே தன்னைக் காட்டிக்கொடுக்கும். அயலாருடையதாயின் ஓசையின்றி மறைந்துபோகும். எவரையும் குற்றஞ்சாட்டாமல் வழக்கு முடிந்துவிடுகிறது!

அயலார் நுழையும் வழிகள்

மேற்கூறியதனால் அயலார் நுழைவதே இல்லை என்று எண்ணிவிடலாகாது. நுழைவதற்கு வழிகள் உண்டு. மிகவும் எளிய வழி, நாமே கொடுப்பது. வந்த நண்பருக்கு ஒரு முறை சொன்ன கடவுச்சொல் அவர் கைப்பேசியில் தங்கிவிடுகிறது, கியூ.ஆர். கட்டத்தைக் காட்டி அவர் அதை இன்னொருவருக்கு வழங்கலாம்.

அடுத்த வழி, எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல். இன்று பெரும்பாலும் வழங்கும் டபிள்யூ.பி.ஏ. 2 முறையில், ஒரு கருவி வலையில் சேரும்போது ரூட்டருடன் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கிறது. அவற்றைக் காற்றிலிருந்து பதிவு செய்துகொண்டவன், தன் இடத்தில் அமர்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பொருத்திப் பார்க்கலாம். நம்மில் பலர் கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கின்றனர். நம் நாட்டுக் கைப்பேசி எண் 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். ஆகவே அமையக்கூடியவை 400 கோடி. ஒரு வினாடிக்குப் பத்து இலட்சம் வீதம் சோதிப்பதாக வைத்துக்கொண்டால், 4,000 வினாடி போதும். அதாவது, ஒரு மணி நேரத்திற்குச் சற்றே மேல்! மாறாக, எந்தப் பொருளும் இல்லாமல் குலுக்கி எடுத்த பன்னிரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளாயின், அதே வேகத்தில் எல்லாவற்றையும் சோதிக்க ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் வேண்டும். 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 முறை, இவ்வாறு பதிவு செய்து தனியே அமர்ந்து ஊகிக்கும் வழியையே அடைத்துவிட்டது. ரூட்டரில் அம்முறை இருப்பின் அதனையே தேர்க.

மூன்றாம் வழி, டபிள்யூ.பி.எஸ். என்னும் குறுக்குவழி. கடவுச்சொல்லைத் தட்டும் தொல்லையின்றி எட்டு இலக்க எண்ணால் இணைவதற்காக இது ஏற்பட்டது. எட்டாம் இலக்கம் மற்ற ஏழையும் சரிபார்க்கும் இலக்கம். ஆதலால் ஊகிக்க வேண்டியவை ஏழு. அவை ஒரு கோடி வகைப்படும். பார்வைக்கு இது போதிய காவலாகத் தோன்றும். ஆனால் முதல் நான்கு இலக்கம் சரியா, தவறா என்பதை ரூட்டர் தனியாகத் தெரிவித்துவிடுகிறது. ஆகவே முதற்பாதிக்கு 10,000, பிற்பாதிக்கு 1,000, ஆக 11,000 முயற்சியே போதும். இக்குறை 2011இல் வெளிப்பட்டது. ஒரு கோடி எங்கே, பதினோராயிரம் எங்கே! இவ்வசதியை அணைத்து வைப்பதே முறை.

நம் பெயரில் நிற்கும் பொறுப்பு

“அயலான் சிறிது இணையம் பயன்படுத்திக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?” என்று சிலர் கேட்கலாம். வங்கி முதலியவற்றோடு நாம் பரிமாறும் செய்திகள் மறையாக்கம் செய்யப்பட்டே செல்கின்றன; ஆதலால் ஒருவன் வலைக்குள் வந்த அளவிலேயே எல்லாம் பறிபோயிற்று என்று அஞ்ச வேண்டுவதில்லை. கவலைக்குரியது வேறொன்று. வீட்டிற்குள் பல கருவிகள் இருப்பினும், வெளியுலகிற்கு அவை எல்லாம் ஒரே முகவரியிலிருந்து பேசுவனவாகவே தோன்றும். அம்முகவரிக்கு எதிரே நிறுவனத்தின் பதிவேட்டில் நிற்பது, இணைப்பு வாங்கியவர் பெயர் ஒன்றே.

2008ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நிகழ்ந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் ஐ.பி. முகவரியைப் பின்தொடர்ந்து சென்ற காவல் துறையினர் நவி மும்பையில் குடியிருந்த அமெரிக்கர் ஒருவர் வீட்டை அடைந்தனர். அவர் விசாரிக்கப்பட்டார், அவர் கணினி ஆய்வுக்கு உள்ளாயிற்று. அவர் வீட்டு வைஃபையைப் பிறர் பயன்படுத்திக்கொண்டனர் என்பது பின்னரே தெளிவாயிற்று. குற்றமற்றவர் தம் குற்றமின்மையை மெய்ப்பிக்க வேண்டிய நிலை எவ்வளவு துன்பமானது!

இதன் மறுபுறமும் உண்டு. பிறர் வலையில் இசைவின்றி நேர்மையற்ற நோக்குடன் நுழைவது, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி, மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ பெறத்தக்க குற்றம். அடுத்த வீட்டாரின் கடவுச்சொல்லை ஊகிப்பதை விளையாட்டாகக் கருதும் நண்பர்கள் இதனை நினைவிற்கொள்க.

செய்யத்தக்கன

இனிச் செய்ய வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுவோம். ஊகிக்க இயலாத நீண்ட கடவுச்சொல் வைக்க. டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைக்க. ரூட்டரின் பக்கத்தைத் திறக்கும் சொல் “அட்மின்” என்றே இருப்பின் அதனையும் மாற்றுக. வருவோர்க்கென விருந்தினர் வலை ஒன்றைத் தனியே வைக்கும் வசதி பல ரூட்டர்களில் உண்டு. அதுவே நமக்குத் திண்ணை. விளக்கு, பிளக் போன்றவற்றையும் அதிலேயே சேர்க்கலாம். மேக் முகவரியைக் கொண்டு தடுப்பதை மட்டும் நம்பி இருக்கலாகாது. அது காற்றில் வெளிப்படையாகச் செல்வது. வேண்டுமென்று முயல்பவன் நம் எண்ணையே தன் எண்ணாகப் போட்டுக்கொள்ள முடியும்.

இறுதியாக, நம் மாணவர்க்கே உரிய ஒன்று. படிப்பு முடித்து ஊர் செல்லும் அண்ணன்மார் வீட்டையும், பாத்திரங்களையும், ரூட்டரையும் அடுத்து வரும் தம்பிமார்க்கு விட்டுச் செல்வது வழக்கம். கடவுச்சொல்லும் கைமாறுகிறது. இணைப்பின் பெயர் மட்டும் மாறுவதில்லை. திருநெல்வேலியிலோ தஞ்சையிலோ வேலை பார்க்கும் ஒருவர், தாம் முகமும் அறியாத மாணவர் செய்யும் செயலுக்கெல்லாம் ஏட்டில் பொறுப்பாளியாக நிற்கிறார். ஊர் செல்லுமுன் இணைப்பைத் தம் பெயரிலிருந்து நீக்கிவிடுதல் செல்பவர் கடமை. தம்முள் ஒருவர் பெயரில் அதனை மாற்றிக்கொண்டு, அன்றே புதிய கடவுச்சொல் அமைத்தல் வருபவர் கடமை. தேர்வு முடிந்து பெட்டி கட்டும் காலம் வருமுன் இதனைச் செய்து முடிப்பார்களாக.